பூச்சும் ஊட்டும்: இந்தியப் பெருங்கடல் மரக்கலங்களில் எண்ணெய்ப் பயன்பாட்டின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மரக்கலங்களின் கட்டுமானம், வணிகம், போர்ப் பயன்பாடு ஆகியன குறித்து விரிவான ஆய்வுகள் வெளிவந்துள்ளன. கட்டப்பட்ட கலம் ஆண்டுதோறும் எவ்வாறு பேணப்பட்டது என்பது அந்த அளவிற்குக் கவனிக்கப்படவில்லை. கலத்தின் மரத்தில் எண்ணெய் இட்ட வழக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. எண்ணெய்க்கு இரு வேறு பணிகள் இருந்தன: பலகைகளின் இணைப்பை அடைப்பது ஒன்று, பலகையையும் கயிற்றையும் இளக்கமாக வைத்திருப்பது மற்றொன்று. தைத்த கலங்களில் இரண்டாவது பணியே முதன்மை பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான மரப்பாதுகாப்பு அறிவியல் முதற்பணியை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு பழைய வழக்கத்தை மதிப்பிட்டது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தைத்த கலம், மீன் எண்ணெய், புன்னை, குங்கிலியம், கலப்பற்று, கிரியோசோட்டு, மரப்பாதுகாப்பு

முன்னுரை

கடல்சார் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கலம் பிறக்கும் பொழுதிலும் அது மூழ்கும் பொழுதிலும் நின்றுவிடுகின்றனர். இடைப்பட்ட இருபது முப்பது ஆண்டுகள், அதாவது கலம் உண்மையில் உழைத்த காலம், சரக்குப் பட்டியலாகவும் துறைமுகப் பெயர்களாகவும் சுருங்கிவிடுகிறது. நம் நூல்மரபிலும் இதே சாய்வு உண்டு. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-இல் வெளியிட்ட ‘கப்பல் சாத்திரம்’ பெரிதும் மரத் தேர்விலும் அளவுகளிலும் நன்னிமித்தங்களிலும் கவனம் கொள்கிறது. கட்டும் பொழுது சாத்திரத்திற்கு உரியது. பேணும் பொழுது கரையில் எண்ணெய்ச் சட்டியோடு அமர்ந்திருப்பவருக்கு உரியது. அவர் எழுதி வைக்கும் வழக்கம் இல்லை.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. வெயிலிலும் உப்புநீரிலும் நிற்கும் மரம் தானாக நிலைப்பதில்லை. ஒரு கலம் எத்தனை பயணங்களுக்குத் தாங்கும், எந்தப் பருவத்தில் கரையேற வேண்டும், அதன் உரிமையாளர் ஆண்டுக்கு எவ்வளவு செலவிட வேண்டும் என்பவற்றைப் பேணும் முறையே முடிவு செய்தது. எண்ணெய் எளிய பொருள், மலிவான பொருள், அகழாய்வில் கண்ணுக்குத் தென்படாத பொருள். எனவே அதன் வரலாற்றைப் பயணக் குறிப்புகளிலும் அகராதிகளிலும் அறிக்கைகளிலும் சிதறிக் கிடக்கும் துணுக்குகளைக் கொண்டே கட்ட வேண்டியுள்ளது.

மரத்தின் பகைகள்

திறந்த வெளியில் நிற்கும் மரத்திற்குப் பகை மூன்று. வெயிலின் புறஊதாக் கதிர் மேற்பரப்பிலுள்ள லிக்னினைச் சிதைக்கிறது. மரம் சாம்பல் நிறமாகிறது. மாறி மாறி நனைவதும் காய்வதும் மரத்தை உப்பவும் சுருங்கவும் செய்து வெடிப்பை உண்டாக்குகின்றன. ஈரம் தங்கிய இடத்தில் பூஞ்சை வேரூன்றுகிறது. இவை வீட்டு நிலைக்கும் தேர்ச் சக்கரத்திற்கும் பொது.

கடலில் நான்காவதாக ஒரு பகை சேர்கிறது. கப்பற்புழு எனப்படும் தெரிடோ உண்மையில் புழுவன்று; சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிரி. அதன் இளவுயிரி ஊசித்துளை அளவே உள்ள வாயில் வழியாக மரத்தினுள் நுழைகிறது. பின் தலைமுனையிலுள்ள இரு சிறு ஓடுகளால் மரத்தை அராவிக்கொண்டே வளர்கிறது. தான் குடைந்த சுரங்கத்தின் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பலகை நலமாகவே தோன்றும். உள்ளே அது தேனடையாகியிருக்கும்.

ஆயினும் இவ்வுயிரிக்கு ஒரு குறை உண்டு. மரம் போதிய காலம் நீருக்கு வெளியே இருந்து உலர்ந்தால் அது மடிந்துவிடும். சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இந்தக் குறையைப் பயன்படுத்திய அமைப்பு எனக் கருதத்தகும். மலைவேம்பு போன்ற எடை குறைந்த மரத்தின் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குச் செல்வதும், திரும்பியதும் கட்டவிழ்த்து மணலில் பரப்பி உலர்த்துவதும் அன்றாட வழக்கம். நீர் ஊறினால் கட்டை கனக்கும், மிதப்பு குறையும். எனவே உலர்த்துதல் மீனவருக்கு முதலில் மிதப்பின் தேவை. புழுவைக் கொல்வது கூடுதல் பயன். இங்கு எண்ணெய்க்குப் பெரிய இடமில்லை. கட்டவிழ்க்க முடியாத கலத்திற்குத்தான், அதாவது பலகைகளை நிலையாக இணைத்த கலத்திற்குத்தான், எண்ணெயின் துணை தேவைப்பட்டது. மரப்பாதுகாப்பைப் பூச்சுப் பொருள்களின் வரலாறாக மட்டும் எழுதுவோர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர்.

பயணிகள் கண்ட எண்ணெய்

இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் பலகைகளை ஆணியால் அறையாமல் கயிற்றால் தைக்கும் மரபு மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ‘செங்கடல் செலவு’ ஓமானா பகுதியில் கட்டப்பட்ட தைத்த படகுகளை மதரதா என்னும் பெயரால் குறிக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் சிராபு நகரத்து அபூ சைது எழுதிய குறிப்பு இம்மரபின் எல்லையையே வரைகிறது. மத்தியதரைக் கடலில் ஒதுங்கிய தைத்த கலத்தின் பலகைகளைச் சுட்டி, தைக்கும் முறை சிராபினருக்கு உரியது என்றும், சிரியரும் உரோமரும் ஆணி அறைபவர்கள் என்றும் அவர் கூறுகிறார். பெரிய திமிங்கிலங்களின் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெயைப் பிற பொருள்களோடு கலந்து கலத்தின் இணைப்புகளில் இட்ட செய்தியும் அவ்வரபுக் குறிப்புகளிலிருந்தே கிடைக்கிறது.

இவற்றினும் தெளிவான சான்று இபுனு சுபைருடையது. எசுபானியாவிலிருந்து மக்காவுக்குப் புறப்பட்ட அவர் 1183-இல் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஐதாபில் கலமேறினார். அங்கிருந்த கலங்களில் ஓர் ஆணியும் இல்லை. தென்னைநார்க் கயிற்றால் அவை தைக்கப்பட்டிருந்தன. மரமும் நாரும் இந்தியாவிலிருந்தும் ஏமனிலிருந்தும் வந்தவை. கட்டி முடித்த கலத்திற்கு நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசினர்; அவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது என்பது அவர் குறிப்பு. அடுத்து அவர் கூறும் காரணமே இக்கட்டுரைக்கு அடிப்படை. பவளப் பாறைகள் நிறைந்த கடலில் மரம் இளகி வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக எண்ணெய் பூசப்பட்டது என்கிறார் அவர். நீர் புகாமல் தடுப்பதை அவர் முதற்காரணமாகச் சொல்லவில்லை.

ஒரு நூறாண்டு கழித்து வந்த மார்க்கோ போலோவின் நூலில் இரு வேறு செய்திகள் உள்ளன. அவற்றைச் சேர்த்துப் படிப்பார் அரியர். ஓர்முசுக் கலங்களைப் பற்றிப் பேசும்போது அவை தென்னைநாரால் தைக்கப்பட்டவை, கீல் பூசப்படாமல் மீன் எண்ணெய் மட்டும் தேய்க்கப்பட்டவை, மிக மோசமானவை, பல மூழ்கிவிடுகின்றன எனப் பழிக்கிறார். இந்தியாவுக்குச் செல்லும் கீழைக் கடலின் பெரிய வணிகக் கலங்களைப் பற்றிப் பேசும் இடத்திலோ பாராட்டு மிகுகிறது. அவை இரும்பாணி அறைந்தவை. அவற்றிற்கும் கீல் இல்லை. ஆனால் சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் ஒரு மரத்தின் எண்ணெயோடு சேர்த்து இடித்துப் பிசினைப் போல் ஒட்டும் கலவை செய்து பூசினர்.

இவ்விரண்டையும் நாகரிகத்தின் இரு படிகளாகக் காணும் பழக்கம் நீண்ட காலம் நிலவியது: மீன் எண்ணெய் பின்தங்கியது, சுண்ணக் கலவை முன்னேறியது என்பது அதன் சாரம். கலத்தின் கட்டமைப்பை நோக்கினால் இப்பார்வை நிற்பதில்லை. ஆணி அறைந்த கலம் விறைப்பானது. அதன் பலகைகள் ஒன்றையொன்று விட்டு நகர்வது குறைவு. எனவே இறுகிக் கெட்டியாகும் அடைப்பு அதற்குப் பொருந்தும். தைத்த கலம் அலைக்கேற்ப நெளிவது. நெளிவதனாலேயே கரையில் மோதும்போது உடையாமல் பிழைப்பது. அதன் இணைப்பில் கல்லாக இறுகும் பொருளை இட்டால் முதல் நெளிவிலேயே அது வெடித்து உதிரும். கயிற்றில் இறுகினால் கயிறு அறும். மார்க்கோ போலோ பழித்த எண்ணெய் அக்கலத்திற்கு ஏற்ற எண்ணெயே.

உலரும் எண்ணெயும் உலரா எண்ணெயும்

இன்றைய வேதியியலின் துணையோடு இவ்வேறுபாட்டைச் சற்று விளக்கலாம். சில எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிசனை ஏற்று மூலக்கூறுகள் பிணைந்து திண்மையான படலமாகின்றன. இதற்குக் காரணம் அவற்றின் கொழுப்பமிலங்களிலுள்ள இரட்டைப் பிணைப்புகள். அப்பிணைப்புகளின் அளவை அயோடின் எண் காட்டுகிறது. ஆளிவிதை எண்ணெயின் அயோடின் எண் 170-க்கு மேல். ஆமணக்கெண்ணெயினது ஏறத்தாழ 85. தேங்காயெண்ணெயினது 10-ஐ ஒட்டியது. முதலாவது உலர்ந்து தோலாகும். மூன்றாவது என்றும் எண்ணெயாகவே இருக்கும். தென்சீனக் கப்பல் தச்சர் சுண்ணாம்போடு கலந்த துங்கெண்ணெயும் விரைந்து உலரும் வகையே. மார்க்கோ போலோவின் மர எண்ணெய் அதுவே என்று அவர் நூலை உரையோடு பதிப்பித்த என்றி யூல் கொண்டது பொருத்தமானது.

இபுனு சுபைர் குறிக்கும் நெய்யும் ஆமணக்கெண்ணெயும் உலராதவை. மீன் எண்ணெய்களில் இப்பாகுபாடு அத்துணைத் தெளிவாக இல்லை என்பதையும் கூற வேண்டும். மத்தி மீனின் எண்ணெய் இரட்டைப் பிணைப்புகள் மிகுந்தது. மெல்லிதாகப் பூசினால் பிசுபிசுப்பான படலமாகும். சுறாவின் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெயின் தன்மை சுறாவின் இனத்திற்கேற்ப வேறுபடும். சிலவற்றில் எளிதில் இறுகாத சுகுவாலின் என்னும் பொருள் மிகுதி. எனவே எல்லா மீன் எண்ணெயும் ஒன்றே எனக் கொள்ள இயலாது. இபுனு சுபைரின் காலத்தவர் சுறாவைத் தனித்துச் சுட்டியது வெறும் வழக்கத்தால் அன்று என்றே தோன்றுகிறது.

உலரா எண்ணெய்க்கு ஒரு விலை உண்டு. அது நிலைப்பதில்லை. அலை கழுவும், வெயில் உருக்கும், மரம் குடிக்கும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் கலத்தைக் கரையேற்றி மீண்டும் இட வேண்டும். கரையேற்றும்போது மரம் உலர்கிறது, புழு மடிகிறது, தளர்ந்த தையல் கண்ணில் படுகிறது. எண்ணெய் நிலைக்காமையே கலத்தைக் காலந்தோறும் கரைக்குக் கொண்டுவந்தது. எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை வைத்துப் பூச்சுப் பொருளை அளப்போர் கண்ணுக்கு இந்தச் சுற்று புலப்படாது.

சூரத்தின் பலகையும் சோழமண்டலத்தின் சொற்களும்

மேற்கூறியதிலிருந்து இளக்கும் எண்ணெய் தைத்த கலத்திற்கு மட்டுமே உரியது எனக் கொள்வதும் பிழை. 1757-இல் வெளிவந்த தம் பயண நூலில் சான் என்றி கிரோசு சூரத்துக் கப்பல் தச்சர்களை வியந்து எழுதுகிறார். ஒரு பலகையின் விளிம்பை மற்றொன்றின் காடியில் பொருத்தும் அவர்களின் இணைப்பு முறை புகழ்பெற்றது. தேக்காலான அக்கலங்களின் அடிப்பகுதியில் மர எண்ணெய் என்னும் ஒன்றை அவ்வப்போது தேய்ப்பார்கள் என்றும், பலகை அதனை உறிஞ்சிக்கொள்கிறது என்றும், அது மரத்திற்கு உணவாகி அழுகாமல் காக்கிறது என்றும் அவர் கூறுகிறார். உறிஞ்சுதல், உணவாதல் என்னும் இவ்விரு கருத்துகளும் கவனத்திற்குரியவை. பூச்சு மேலே நிற்கிறது. ஊட்டு உள்ளே செல்கிறது. தச்சரிடம் கேட்டதையே கிரோசு எழுதியிருக்க வேண்டும். ஐரோப்பியத் தார் மரபில் வளர்ந்தவருக்கு இவ்வாறு தோன்றுவது இயல்பன்று.

மர எண்ணெய் என்ற பெயர் இக்கடலில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களைக் குறித்தது. சீனத்தில் அது துங்கு. இந்தியச் சந்தைகளில் பெரும்பாலும் பர்மா, சிட்டகாங்கு, அந்தமான் காடுகளிலிருந்து வந்த குர்சன் எண்ணெய். அடிமரத்தில் குழி வெட்டி, அதில் தீ மூட்டிக் கசியும் எண்ணெய்ப் பிசினைச் சேகரிப்பார்கள். எட்வர்டு பால்ஃபோர், சார்சு வாட் ஆகியோரின் பொருட்களஞ்சியங்களில் இதற்குத் தனி இடம் உண்டு.

சோழமண்டலக் கரைக்கு வருவோம். சென்னைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதிவரை துறைமுகம் இல்லை. நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே சீறும் அலைவரிசையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொண்டுசென்றவை மசூலாப் படகுகள். தென்னைநாரால் தைக்கப்பட்ட, உள்வரிச் சட்டங்கள் அற்ற படகுகள் அவை. ஐரோப்பியப் படகு அவ்வலையில் ஒரே மோதலில் நொறுங்கும் இடத்தில் இவை நெளிந்து கரையேறின. பதினேழாம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த தாமசு பௌரி முதற்கொண்டு இதனைக் குறிக்காத பயணி இல்லை எனலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய சேம்சு ஆர்னெல் 1920-இல் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வு இன்றும் இத்துறையில் முதல்நிலைச் சான்று.

எண்ணெய் தந்த மரங்களுள் புன்னை நம் கரைக்கு மிக நெருக்கமானது. நெய்தல் திணையின் அடையாளமாக இலக்கிய மாணவர் அறிந்த மரம் அது. அதன் விதையெண்ணெய் பிசின் கலந்த பச்சை நிறத்தது, கசப்பானது, உணவுக்கு ஆகாதது. விளக்கெரிக்கவும் கலத்தில் பூசவும் பயன்பட்டது. அதே பேரினத்தைச் சேர்ந்த மலைப்பகுதி மரத்தின் நெடிய தண்டு பாய்மரமாயிற்று; ஆங்கிலக் கப்பல் வணிகர் அதனை ‘பூன்’ என்றழைத்தனர். அச்சொல் புன்னையின் திரிபே. கலத்தின் பாய்மரமும் கலம் குடிக்கும் எண்ணெயும் ஒரு பெயரில் வந்து சேர்வது சுவையான உடனிகழ்வு. இதற்கு மேல் இதில் பொருள் தேட வேண்டியதில்லை.

சொல்வரலாறு இதனினும் பயன் தருகிறது. கலத்தின் இணைப்பை அடைக்கும் தொழிலுக்குத் தமிழில் வழங்கிய ‘கலப்பற்று’ அல்லது ‘கலப்பத்து’ என்னும் சொல் தமிழன்று. போர்ச்சுக்கீசியரின் ‘கலஃபாத்தெ’ வழி வந்தது. அதற்கும் மூலம் அரபு எனப்படுகிறது. தார் ஆங்கிலத்திலிருந்து வந்தது. யூலும் பர்னலும் 1886-இல் வெளியிட்ட ‘ஆப்சன்-சாப்சன்’ அகராதி ‘காலெ-காலெ’ என ஒரு சொல்லைத் தருகிறது: சுண்ணாம்பும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த, நீர் புகாத சாந்து அது. தொகுத்தவருள் பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். இக்கரையை நன்கு அறிந்தவர். இவை யாவும் அடைக்கும் தொழிலின் சொற்கள். ஆணி அறைந்த பெருங்கலத்தோடு வந்தவை. குங்கிலியம் இவற்றின் நடுவே நிற்கும் உள்நாட்டுச் சொல். மேற்குத் தொடர்ச்சி மலையின் கருங்குங்கிலியமும் வெள்ளைக் குங்கிலியமும் எண்ணெயில் காய்ச்சப்பட்டு, ஐரோப்பியத் தாருக்கு மாற்றாகக் கலங்களில் சேர்ந்தன. எண்ணெய் இடும் தொழிலுக்கோ கடன்சொல் தேவைப்படவில்லை. அடைத்தல் பெருமளவு வெளியிலிருந்து கற்றது, ஊட்டுதல் உள்ளூரில் முன்பே இருந்தது என்னும் முடிவுக்கு இச்சொற்பரவல் இடமளிக்கிறது. சொற்கடன் எப்போதும் பொருட்கடனைக் குறிக்காது என்பதால் இதனைத் துணைச்சான்றாகவே கொள்கிறோம்.

இரும்பு உருளையின் காலம்

ஐரோப்பியக் கப்பற்படைகள் வடநாட்டுப் பைன் மரத்தாரை நம்பியிருந்தன. 1648-இல் சுவீடன் அத்தாருக்கென ஒரு தனியுரிமை நிறுவனத்தையே ஏற்படுத்தியது; தார் அரசியல் பொருளாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருப்பம் வேறு திசையிலிருந்து வந்தது. சான் கயான் 1832-இல் மெர்குரிக் குளோரைடு கரைசலில் மரத்தை ஊறவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1838-இல் வில்லியம் பர்னட்டு துத்தநாகக் குளோரைடை முன்வைத்தார். அதே ஆண்டில் சான் பெத்தல் மரத்தை மூடிய இரும்பு உருளையில் இட்டு, காற்றை வெளியேற்றி, நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட்டை அழுத்தத்தால் உட்செலுத்தும் முறையைக் காப்புரிமையாக்கினார். கிரியோசோட்டும் எண்ணெயே. ஆனால் அது மரத்தை இளக்குவதற்காகச் செலுத்தப்படவில்லை. பூஞ்சைக்கும் பூச்சிக்கும் மரத்தை நஞ்சாக்குவதற்காகச் செலுத்தப்பட்டது.

இம்முறைக்குத் தேவை கடலிலிருந்து மட்டும் பிறக்கவில்லை. இருப்புப்பாதையே அதனைப் பெருக்கியது. 1856 சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை சென்னை இரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் இயூ கிளெக்கார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராகப் பொறுப்பேற்றார். குறுக்குக் கட்டைகளுக்காகக் காடுகள் அழிவது அவருடைய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் கவலை. இங்கிலாந்திலிருந்து கிரியோசோட்டு ஏற்றிய பைன் கட்டைகளும் கப்பலில் வந்திறங்கின. ஒரு மைல் பாதைக்கு ஏறத்தாழ 2,000 கட்டைகள். அவற்றை ஆண்டுதோறும் பெயர்த்து எண்ணெய் இட எவராலும் இயலாது. ஒரு முறை செய்து மறந்துவிடக்கூடிய பாதுகாப்பே அங்கு வேண்டியிருந்தது. குடியேற்ற அறிவியல் மரபறிவை அழித்தது என்று ஒரே வரியில் கூறிக் கடந்துவிடும் கட்டுரைகள் பெருகியுள்ள இக்காலத்தில் இதனைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. உருளை முறை இருப்புப்பாதைக்குச் சரியான விடை. அந்த வினாவே படகுக்கும் உரிய வினா என்று கொள்ளப்பட்டபோதுதான் சிக்கல் எழுந்தது.

டேராடூனில் 1906-இல் நிறுவப்பட்ட வன ஆய்வு நிறுவனம் இவ்வறிவை இந்திய மரங்களுக்குப் பொருத்தியது. ஆர். எசு. பியர்சன் குறுக்குக் கட்டைகளை முன்வைத்து 1912-இல் மரப்பாதுகாப்பு அறிக்கை வெளியிட்டார். 1933-இல் அங்குப் பணியாற்றிய சொண்டி காமேசன் செம்பு, ஆர்சனிக்கு உப்புகளோடு டைகுரோமேட்டைச் சேர்த்து ‘ஆசுகூ’ என்னும் கலவையைக் கண்டார். செம்பும் ஆர்சனிக்கும் நீரில் கரைந்து வெளியேறாமல் மர இழையோடு பிணைத்து வைப்பது குரோமியத்தின் பணி. உலகெங்கும் பிற்காலத்தில் ‘சிசிஏ’ என வழங்கிய மரப்பாதுகாப்பின் தொடக்கம் இதுவே. மின்கம்பம், வேலிக்கால், படகுத்துறை, தோட்டத் தளம் என வெளிமரம் நின்ற இடமெல்லாம் அது சென்றது. ஆர்சனிக்கு பற்றிய அச்சத்தால் 2003-இன் இறுதியோடு அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டிலிருந்து அது விலக்கப்பட்டது. இந்திய அறிவியலாளர் ஒருவரின் உலகளாவிய கண்டுபிடிப்பு நம் பாடநூல்களில் இடம்பெறாமை வியப்பிற்குரியது. அது தனியே எழுதத்தக்க பொருள்.

கரையில் நடந்தது இதற்கு இணையான வேறொரு கதை. சென்னை மாகாண மீன்வளப் பணியைத் தொடங்கிவைத்த பிரடெரிக்கு நிக்கல்சன் இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் மலபார்க் கரையில் மத்தி எண்ணெயும் மீனுரமும் எடுக்கும் தொழிலைச் சீர்ப்படுத்தி வளர்த்தார். அந்த எண்ணெய் சணல் ஆலைக்கும் தோல் பதனிடுதலுக்கும் சென்றது. படகுக்காக வீட்டு வாயிலில் காய்ச்சிய பொருள் ஏற்றுமதிச் சரக்காயிற்று. நாட்டு விடுதலைக்குப் பின், 1957-இல் தொடங்கிய கொச்சி மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் சிசிஏ, கிரியோசோட்டு ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து ஏற்றி இரப்பர் மரத்தில் தோணி செய்யும் வழியைக் கண்டது. உருளை இல்லாத ஊரில் இவ்வழி பயன்படாது. கட்டுமரக்காரர் கட்டையை நகரத்து நிலையத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாதுகாப்பு அவர் கையிலிருந்து நழுவியது. இந்நிலையில் கண்ணாடியிழைப் படகு வந்தது. 2004 திசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வழங்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி அத்தகைய படகுகளே. அவற்றிற்கு எண்ணெயும் வேண்டா, உருளையும் வேண்டா.

எஞ்சியிருக்கும் கலங்கள்

ஓமான் நாட்டில் ஒன்பதாம் நூற்றாண்டின் பெலித்தூங்குக் கப்பற்சிதைவை முன்மாதிரியாகக் கொண்டு தைக்கப்பட்ட ‘மசுகட்டின் மணி’ என்னும் கலம் 2010-இல் சிங்கப்பூர் சென்றடைந்தது. கேரளத்துக் கயிற்றுத் தொழிலாளரும் அதன் ஆக்கத்தில் பங்கேற்றனர். பலகைக்கு மீன் எண்ணெய்; நீரில் மூழ்கும் அடிப்பகுதிக்கு ஆட்டுக் கொழுப்பும் சுண்ணாம்பும். இபுனு சுபைரையும் மார்க்கோ போலோவையும் ஒரே கலத்தில் அருகருகே காண்பது போன்றது இது: மேலே ஊட்டு, கீழே பூச்சு.

நம்மிடம் எஞ்சியுள்ள மரக்கலங்களின் நிலை வேறு. இவ்வாய்வுக்காகப் பார்வையிட்ட ஓர் அருங்காட்சியகத்தில் தைத்த படகொன்றின் பலகைகளுக்குப் பளபளக்கும் வார்னிசு அடிக்கப்பட்டிருந்தது. வார்னிசு கயிற்றிலும் வழிந்து இறுகியிருந்தது. இரு தையல்கள் அறுந்து நின்றன. காப்பவரின் நோக்கம் நல்லதே. ஆனால் வாழ்நாள் முழுதும் இளகிய எண்ணெயில் இருந்த நாரைக் கெட்டிப் படலத்தில் அடைத்தால் அது முறியும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இதில் உண்டு. மட்பாண்டத்தில் ஊறிய கொழுப்பை வளிம நிறப்பகுப்பு முறையால் ஆய்ந்து, அது மீனுடையதா செடியினுடையதா எனப் பிரித்தறியும் வழி தொல்லியலில் இன்று நிலைபெற்றுவிட்டது. அதே முறையைப் பழங்கலத்தின் பலகைக்கும் பயன்படுத்தலாம். பயணிகளின் சொல்லை மரத்தைக் கொண்டே சரிபார்க்கலாம். ஒவ்வொரு வார்னிசுப் பூச்சும் அந்தச் சான்றின்மேல் புதிய கரிமப் பொருளை ஏற்றி அதனைக் குழப்புகிறது. நெய்தல் கரையின் அருங்காட்சியகங்களிலும் துறைமுகக் கிடங்குகளிலும் உள்ள மரக்கலங்களில் இன்னும் பூச்சுக் காணாதவை எவை என்னும் பட்டியலே இவ்வாய்வின் அடுத்த படி. பூச்சு ஏறும் முன், உள்பக்கத் தையல் துளையிலிருந்து நகக்கண் அளவு மரச்சீவலும் ஒரு விரற்கடை நாரும் எடுத்து வைத்தாலே போதும்.